உதட்டு வெடிப்பைச் சும்மா விடாதீங்க

(தோட்டத்துச் சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு உதட்டு வெடிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதெல்லாம் ஒரு வருத்தமா சேர்?" என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உடம்புக்குள்ளே இருக்கிற குறையைச் சில வேளை உதடுதான் காட்டிக் கொடுக்கும். அதனால் உதட்டு வெடிப்பை மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பனியாலும் காற்றாலும் வருவது. நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் பனி கொட்டி தேயிலைக் கொழுந்தே கருகிப் போகுது. நம்ம உதடு எம்மாத்திரம்? உடம்புத் தோலைப் போல உதட்டில் எண்ணெய்ப் பசை ஊறுவதில்லை. காய்ந்தவுடனே நாக்கால் நனைக்கிறோம். அந்த எச்சில் காயும்போது உதடு இன்னும் வறண்டு போகும். ஆகவே நாக்கால் தடவாதீங்க, தோலைக் கடித்து உரிக்காதீங்க. பெரட்டுக்குப் போகுமுன்னும் ராத்திரி படுக்குமுன்னும் கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள். இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் போதும். தலைவலித் தைலம் பூசினால் எரிச்சல்தான் கூடும்.

மலையில் ஒதுங்க இடமில்லை என்று பல பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இது உதட்டுக்கும் கெடுதி, சிறுநீர் வருத்தத்துக்கும் வழி. கொதித்தாறிய தண்ணீரைப் போத்தலில் கொண்டு போங்க. ஒதுங்க இடம் கேட்பது வெட்கப்படுகிற காரியமல்ல. எல்லோரும் சேர்ந்து கேளுங்கள், நானும் நிர்வாகத்திடம் பேசுகிறேன்.

இரண்டாவது, கடைவாயில் வெடித்துப் புண்ணாவது. அதோடு களைப்பு, மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது, கண்ணின் உள்பக்கம் வெளுத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் இரத்தக்குறைவாக இருக்கலாம். இதற்கு வாஸ்லின் மட்டும் போதாது. டிஸ்பென்சரியில் காட்டி இரத்தம் சோதிக்க வேண்டும். கீரை, பருப்பு, கௌப்பி, நெத்தலி, முட்டை, கிடைத்ததைச் சேருங்கள். கூடவே தேசிக்காயோ கொய்யாப்பழமோ சாப்பிட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து வீணாகும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். மிட்வைப் அம்மா தருகிற இரும்புச்சத்துக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீங்க.

மூன்றாவதுதான் முக்கியம். உதட்டிலோ வாய்க்குள்ளோ புண் வந்து 2 கிழமையாகியும் ஆறாவிட்டால், வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ தெரிந்தால், வாய் திறக்கக் கஷ்டமாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அரசாங்க ஆஸ்பத்திரி பல் டொக்டரிடம் காட்டுங்கள். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலை போடுகிற பெண்களுக்கும் அது வரும். "நான் புகையிலை சேர்ப்பதில்லை" என்று சொல்வார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004ஆம் ஆண்டு அறிக்கையில் சொல்லியிருக்கிறது. குளிருக்கு வெற்றிலை இதம் என்பது எனக்கும் தெரியும். குளிருக்குச் சுடுதண்ணி குடிக்கலாம், வெற்றிலையை விட்டுவிடுங்கள். ராத்திரி வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஒரு நாள் பேரை இழந்து எப்படிப் போவது என்று யோசிப்பீர்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்கலாம். முற்றிய பிறகு போனால் மாதக்கணக்கில் பேர் போகும், உயிருக்கும் ஆபத்து. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கண்ணாடியில் ஒரு தரம் வாயைத் திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவங்க வாயையும் பாருங்கள்.