வீட்டுத் தொட்டியில் டிஸ்கஸ் மீன்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

கறவை மாடு, கோழி, தேனீ ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய இம்மேடையில் அலங்கார மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "உண்ண உதவாத மீனால் உழவனுக்கு என்ன பயன்?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வினா நியாயமானதே. பூவும் உண்ண உதவாததுதான். ஆயினும் நம் கிராமங்களிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் பூ போய்க்கொண்டுதான் இருக்கிறது. பட்டணத்தார் விரும்பும் பொருளை நாட்டுப்புறத்தார் விளைவித்துத் தருவது நெடுநாளைய வழக்கம். இன்று அப்பகுதிகளில் எத்தனையோ வீடுகளின் கூடத்தில் கண்ணாடித் தொட்டியும் இடம் பெற்றுவிட்டது. அதற்கு வேண்டிய மீன்களில் பெரும்பகுதி, சென்னையின் வடமேற்கிலுள்ள கொளத்தூரிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் குடும்பத் தொழிலாக வளர்த்து விற்கப்படுகின்றது.

மீன்களைத் தொட்டியில் வைத்துக் காணும் ஆசை சென்னைக்குப் புதியதன்று. 1909ஆம் ஆண்டிலேயே மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கு முயற்சி எடுத்தவர். அன்று ஊரார் கூடி ஓரிடத்தில் கண்டு மகிழ்ந்ததை இன்று அவரவர் தம் வீட்டிலேயே காண விரும்புகின்றனர். அவ்விருப்பத்தின் உச்சியில் நிற்பது டிஸ்கஸ் என்னும் மீன். அதன் விலையைக் கேட்டு மயங்கி, முன்பின் அறியாமல் இத்தொழிலில் இறங்குவோர் உளர். ஆதலின் அதனைப் பற்றிய உண்மைகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

டிஸ்கஸ் என்பது யாது?

இம்மீனின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. 1840ஆம் ஆண்டில் ஹெக்கெல் என்னும் ஆஸ்திரிய அறிஞர் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். உடல் தட்டைப்போல் வட்டமாகவும் பக்கவாட்டில் ஒடுங்கியும் இருக்கும். நன்கு வளர்ந்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீளும். செம்மை, நீலம், மஞ்சள், வெண்மை எனப் பல நிறங்களில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் பண்ணைகளில் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்யப்பட்டவையே. தாய்லாந்து, மலேசியா முதலிய நாடுகள் இத்தொழிலில் முன்னணியில் நிற்கின்றன.

வேற்று நாட்டு மீன் என்று நாம் அஞ்ச வேண்டுவதில்லை. நம் ஏரி குளங்களில் மலிந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் டிஸ்கஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கேரள மக்கள் போற்றும் கரிமீனும், நம் உப்பங்கழிகளில் வாழும் செல்லக்காசு என்னும் சிறு மஞ்சள் மீனும் அக்குடும்பத்தினவே. முட்டையையும் குஞ்சையும் பெற்றோர் காத்து வளர்ப்பது இக்குடும்பத்தின் பெருங்குணம். அக்குணத்தை மிகச் சிறப்பாக வெளிப்படுத்துவது டிஸ்கஸ்.

நீரே முதல்

இம்மீனை வளர்ப்போர் மீனை வளர்ப்பதற்கு முன் நீரை வளர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அமேசானின் நீர் மழைநீரைப் போன்று மென்மையானது, சிறிது புளிப்புத் தன்மை உடையது, வெதுவெதுப்பானது. ஆகவே தொட்டி நீரின் வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை இருத்தல் நலம். கார அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6க்கும் 7க்கும் இடையே இருக்கலாம். சித்திரை வைகாசியில் சென்னைக்கு வெப்பமூட்டி தேவைப்படாது. மார்கழித் தை இரவுகளில் நீர் குளிர்ந்துவிடுமாதலால் அப்போது அது இன்றியமையாதது.

நம் இடர்ப்பாடு எங்கே இருக்கிறதென்றால், நிலத்தடி நீரில். கடற்கரையை ஒட்டிய மயிலாப்பூர், அடையாறு பகுதிகளிலும் அதற்குத் தெற்கேயுள்ள நம் ஊர்களிலும் பல கிணறுகளின் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீர். அத்தகைய நீரில் வளர்ந்த டிஸ்கஸ் ஒருவாறு உயிர் வாழும். ஆனால் அதில் இடப்படும் முட்டைகள் பெரும்பாலும் பொரிவதில்லை. குழாய் நீரோ குளோரின் கலந்தது; அதனை நேரே ஊற்றினால் செவுள் வெந்து மீன் மடியும். ஒரு நாள் முழுவதும் திறந்த தொட்டியில் காற்றுக் குமிழிகள் ஓடவிட்டு, அதன் பின்னரே பயன்படுத்த வேண்டும்.

தென்சென்னைக்குக் கிடைக்கும் நீரில் ஒரு பகுதி, நெம்மேலியில் 2013ஆம் ஆண்டு முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து வருவது. நமக்கோ அதனினும் எளிய வழி உண்டு. அது மழைநீர். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. முதல் மழையைக் கழித்துவிட்டு, தூய்மையான கூரையிலிருந்து பிடித்து மூடி வைத்த மழைநீரைக் கிணற்று நீருடன் கலந்தால், இனவிருத்திக்கு ஏற்ற மென்னீர் கிடைக்கும். முற்றிலும் மழைநீரையே பயன்படுத்தினால் பி.எச். நிலையின்றி ஏறி இறங்கும். ஆதலின் கலந்து, அளந்து, பின்னரே ஊற்ற வேண்டும்.

அடுத்தது கழிவு. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகின்றது, அது நஞ்சு. எருக்குழியில் சாணத்தையும் குப்பையையும் மக்கச் செய்யும் நுண்ணுயிர்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றைப் போன்ற நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். எரு மக்கும் முன் வயலில் இடுவோமா? அவ்வாறே, தொட்டி பக்குவப்படும் முன் விலையுயர்ந்த மீனை விடலாகாது. பின்னரும் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் நீரை மாற்ற வேண்டும். குஞ்சுகள் வளரும் தொட்டியில் நாள்தோறும் மாற்றுவோரே நல்ல பயன் காண்கின்றனர்.

இணையும் இனவிருத்தியும்

டிஸ்கஸில் ஆண் பெண் வேறுபாட்டை வெளித்தோற்றத்தால் அறிவது அரிது. இரண்டை வாங்கி இணை என்று எண்ணி விட்டுவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஆறு அல்லது எட்டு இளமீன்களை ஒன்றாக வளர்க்க வேண்டும். ஒரு வயது முதல் ஒன்றரை வயதுக்குள் அவை தாமே இணையைத் தேர்ந்துகொண்டு, தொட்டியின் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு, பிற மீன்களை விரட்டும். அப்போது அவ்விணையைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வளர்ந்த மீன் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீர் என்பது பொதுக் கணக்கு. இணைத் தொட்டிக்கு 100 முதல் 150 லிட்டர் வரை இருக்கட்டும்.

முட்டையிடுவதற்குச் செங்குத்தான பரப்பு வேண்டும். அதற்குக் கூம்பு வடிவச் சுடுமண் கலம் போதும். நம் ஊர்க் குயவரே அதனைச் செய்து தரலாம். இணை முதலில் அப்பரப்பை வாயால் துடைத்துத் தூய்மை செய்யும். பின்னர்ப் பெண் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்ட, ஆண் அவற்றைக் கருவுறச் செய்யும். ஒரு முறைக்கு நூறு முதல் இருநூறு, முந்நூறு வரை முட்டைகள் இருக்கலாம். அவை இரண்டரை நாளளவில் பொரியும். மேலும் மூன்று நாள் அளவுக்குக் குஞ்சுகள் கலத்தில் ஒட்டியபடியே துடித்துக்கொண்டிருந்து, பின்னர் நீந்தத் தொடங்கும்.

இந்நிலையில்தான் வியப்பான செயல் நிகழ்கின்றது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் நேரே பெற்றோரின் உடலைச் சென்று மொய்க்கின்றன. தாய், தந்தை இரண்டின் தோலிலும் அப்போது ஊட்டம் மிகுந்த ஒரு கோழை சுரக்கின்றது. அதனைக் கொத்தித் தின்றே குஞ்சுகள் முதல் சில நாட்கள் வாழ்கின்றன. ஒன்று களைத்தால் உடலை ஒரு முறை சிலிர்த்துக் குஞ்சுகளை மற்றொன்றின் பக்கம் அனுப்பிவிடும். இதனால் நாம் பெறும் பாடம் தெளிவானது. குஞ்சுகளைக் காப்பாற்றும் எண்ணத்தோடு அவற்றை முன்கூட்டியே பிரித்தெடுப்பவர் அவற்றைப் பட்டினியிட்டுக் கொல்பவராவர். நான்கைந்து நாட்களுக்குப் பின் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்பள நுண்ணிறாலைச் சிறிது சிறிதாக ஊட்டலாம். இரண்டு மூன்று வாரம் ஆனபின் குஞ்சுகளைப் பிரிக்கலாம். முதல் ஒன்றிரண்டு முறை இளம் இணை தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவதும் உண்டு. பொறுத்திருந்தால் அப்பழக்கம் பெரும்பாலும் நீங்கும்.

உணவில் ஓர் எச்சரிக்கை. சாக்கடைக் கால்வாய்களில் அள்ளி விற்கும் செம்புழு மலிவானது. நோயையும் உடன் கொண்டு வருவது. கழுவி நறுக்கிய இறால், நல்ல நீரில் வளர்த்த கொசுப்புழு, தரமான குருணைத் தீவனம் ஆகியவையே தகுந்தவை. கொசுப்புழு வளர்ப்போர் தொட்டியை வலையால் மூடுதல் வேண்டும். மீனுக்கு உணவு தேடி ஊருக்குக் காய்ச்சலைக் கொடுத்துவிடலாகாது. புதிதாக வாங்கும் எந்த மீனையும் மூன்று வாரமாவது தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

படிப்படியாக ஏறுக

நான் அறிந்த ஓர் ஊரில் மகளிர் குழு ஒன்று கடன் பெற்று, முதல் முயற்சியாகவே டிஸ்கஸ் மீன்களை வாங்கிற்று. கிணறோ கடலுக்கு அண்மையிலுள்ளது. நீரைச் சோதித்துப் பார்க்கும்படி விற்றவரும் சொல்லவில்லை. ஒரு மாதத்திற்குள் ஒரு மீனும் எஞ்சவில்லை. தவணை மட்டும் எஞ்சியது. அக்குழுவினர் உழைப்பில் குறைவில்லை. ஏணியின் கடைசிப் படியில் முதற்காலை வைத்ததே குறை.

ஆகவே முதலாண்டில் கப்பி, மோலி, பிளாட்டி போன்று குஞ்சு ஈனும் எளிய மீன்களை வளருங்கள். அவை கடின நீரையும் தாங்கும். விலை குறைவாயினும் விற்பனை தடையின்றி நடக்கும். அடுத்து, நான் முன்பு குறிப்பிட்ட செல்லக்காசு மீனை வளர்க்கலாம். அதன் குஞ்சுகளும் டிஸ்கஸ் குஞ்சுகளைப் போலவே பெற்றோரின் தோற்கோழையைக் கொத்தித் தின்பவை. உப்பங்கழியிலும் வாழ்வதால் நம் கடற்கரை ஊர்களின் உவர்நீர் அதற்குத் தடையன்று. டிஸ்கஸிடம் கற்க வேண்டிய பாடத்தின் பெரும்பகுதியைக் குறைந்த செலவில் அது கற்பித்துவிடும். சாந்தோம் நெடுஞ்சாலையில் தலைமையகம் கொண்டுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கரிமீன் போன்ற உவர்நீர் மீன்களின் குஞ்சு உற்பத்தியில் ஆராய்ச்சி நடத்தி வருகின்றது. முட்டுக்காட்டிலும் அதற்கு ஆய்வுநிலையம் உண்டு. நம் வாயிலில் இருக்கும் இவ்வறிவைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

பொருளுதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடையில் அமைக்கும் அலங்கார மீன் வளர்ப்பு அலகு ஒன்றின் மதிப்பு 3 லட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 60 சதவிகிதமும் மானியம் எனவும் வரையறுக்கப்பட்டது. இத்தகைய விதிகள் காலத்திற்கேற்ப மாறுவன. ஆதலின் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டறிந்த பின்னரே கடன் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.

புயற்காலத்தையும் மறவாதீர்கள். 2015 டிசம்பரில் அடையாற்றின் வெள்ளமும், 2016 டிசம்பரில் வர்தா புயலும் சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் நின்றது. காற்று ஓட்டம் நின்றால் நெருக்கமாக மீன் உள்ள தொட்டி சில மணி நேரத்திலேயே ஆபத்துக்குள்ளாகும். மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்று ஐப்பசி பிறக்கும் முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஊராட்சியின் கடமை

இறுதியாக, ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளர்த்துச் சலித்த மீனையும், விற்காத மீனையும் ஊர்க்குளத்தில் விட்டுவிடுவதைப் புண்ணியம் என்று கருதுவோர் பலர். அது பெருந்தீங்கு. 1952ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, இன்று நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதை நீங்களே காண்கிறீர்கள். தொட்டியின் பாசியைத் துடைப்பதற்காக வாங்கப்படும் தென்னமெரிக்க "சக்கர்" மீன், தமிழ்நாட்டின் நீர்நிலைகளிலும் பெருகி வருகின்றது. முள்ளும் ஓடும் நிறைந்த அம்மீன் வலையைக் கிழிக்கும், கரையில் வளை தோண்டும், விலைக்கும் போகாது. அது பெருகிய குளத்தை மீன்பாசி குத்தகைக்கு எடுக்க யார் முன்வருவர்? ஊராட்சியின் வருவாயும் போகும். மீனவரின் பிழைப்பும் போகும்.

ஆகையால், தொட்டி மீனைப் பொதுக் குளத்தில் விடலாகாது என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். வளர்ப்போரின் தொட்டிக் கழிவுநீர் வாய்க்காலுக்குச் செல்லாமல், வலையில் வடிந்து வாழைக்கும் தென்னைக்கும் பாயுமாறு செய்யுங்கள்; மரத்துக்கு அது நல்ல உரம். உங்கள் ஊரில் இத்தொழிலில் இறங்க விரும்புவோரின் பட்டியலைத் தயாரித்து, அவர்கள் கிணற்று நீரின் உப்பையும் கடினத் தன்மையையும் முதலில் சோதித்துக் குறித்து வையுங்கள். எந்த வீட்டில் எந்த மீன் வளரும் என்பதை அக்குறிப்பே சொல்லிவிடும். அப்பட்டியலுடன் எந்த ஊராட்சித் தலைவர் வந்தாலும், மீன்வளத் துறையினரை அவ்வூருக்கு அழைத்து வந்து பயிற்சி நடத்த எங்கள் அலுவலகம் ஆவன செய்யும்.