பல் பூச்சியும் புரட்டும்



மாட்டுச் சந்தைக்குப் போகும் நம் குடியானவன், காளையின் வாயைப் பிளந்து, இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பாராமல் அச்சாரம் கொடுப்பானா? ஒருக்காலும் கொடுக்க மாட்டான். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் தன் வாயை ஒரு பல் வைத்தியரிடம் திறந்து காட்டியது எப்போது என்று கேளுங்கள். வலி வந்து இரண்டு இராத்திரி தூங்காமல் கிடந்த பிறகு என்பான். அதற்கு முன்பே மந்திரிக்கிறவனுக்குத் தட்சணை போயிருக்கும். கோவிலுக்கு 12 வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று பழுது பார்க்கிறோமே, கல்லுக்கு இருக்கிற யோகம் நம் பல்லுக்கு இல்லை!

பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்கிறார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, புகையை வாயில் பிடிக்கச் செய்து, இதோ புழு என்று சட்டித் தண்ணீரில் காட்டுகிறார்கள். இந்த வித்தை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. ஐரோப்பாவிலும் கத்திரி இனத்துச் செடியொன்றின் விதையைப் புகைத்து இதே புழுவைக் காட்டித்தான் பிழைத்தார்கள். ஜெர்மனியில் ஷேஃபர் என்பவர், அது புழுவல்ல, விதைக்குள் இருக்கும் முளைதான் என்று 1757-லேயே புத்தகம் போட்டுவிட்டார். இத்தனைக்கும் அவர் ஒரு பாதிரியார்!

அப்படியானால் சொத்தை எப்படி வருகிறது? 1890-ல் மில்லர் என்னும் அமெரிக்க வைத்தியர் எழுதி வைத்தார். வாயிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், பல்லில் ஒட்டிய சர்க்கரையையும் மாவையும் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு பல்லின் மேலோட்டைக் கரைக்கிறது. மேலோட்டில் நரம்பு கிடையாது. ஆகையால் வலியும் கிடையாது. பள்ளம் உள்ளே நரம்பை நெருங்கிய பிறகுதான் வலி கூப்பாடு போடும். கரைந்து குழிந்த பல் மறுபடி வளராது. ஆகவே, "வலிதான் இல்லையே, வைத்தியர் எதற்கு?" என்பவர், கூரை பற்றி எரிந்த பிறகு கிணறு வெட்டுகிறவரே. முன்னே போனால் சிறு அடைப்போடு தீரும்; பின்னே போனால் பல்லையே பிடுங்க வேண்டிவரும்.

இன்னொரு பயம், காரையைச் சுரண்டினால் பல் ஆடிப்போகும் என்பது. ஈறைத் தின்று பல்லை ஆட்டுவதற்குக் காரணமே அந்தக் காரையும் அதிலுள்ள கிருமிகளுந்தான். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதும் வெறும் கதை. கண்ணுக்குப் போகும் பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் தோழர்களுக்குத் தனியே சொல்லுகிறோம். கோபித்துக்கொண்டாலும் சரி. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்டாய்விட்டது. வாய்க்குள் வெள்ளைத் தடிப்போ, ஆறாத புண்ணோ இருந்தால், ஆரம்பத்தில் அது வலிக்காமலே இருக்கலாம். கண்ணாடி வைத்துப் பார்க்கிற வைத்தியர் கண்ணில் அது படும். பூசாரி கண்ணில் படாது.

கூலிக்காரன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியாது என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் பள்ளிக்கூடந்தோறும் வருஷத்துக்கு ஒருமுறையாவது வைத்தியர் வந்து பிள்ளைகளின் வாயைப் பார்க்க வேண்டுமென்று இக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறோம். ஆறு வயதுக்கு மேல் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல், விழுந்து முளைக்கிற பல்லல்ல. பால் பல்தானே என்று தாய்மார்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் அதைத்தான்.