குழாய் அடித்தால் தண்ணீர் வருமா?



காரக்கோணத்தில் கிணறு தோண்டப் பணம் நிறைய வேண்டும். கடற்கரைப் பக்கம் குழாயை அடித்தே தண்ணீர் எடுக்கிறார்கள். நாமும் அடிக்கலாமா? பணம் கொடுக்கும் முன் யோசிப்போம்.

முதல் குழாயின் நுனி கூராக இருக்கும். அதற்கு மேலே துளைகள் இருக்கும். மணல் புகாமல் துளைகளின் மேல் கம்பி வலை இருக்கும். கனமான இரும்பால் அடித்து இறக்குவார்கள். ஒரு குழாய் இறங்கியதும் அடுத்ததைச் சேர்ப்பார்கள். தண்ணீர் கண்டதும் அடிபம்பு வைப்பார்கள்.

இது பழைய முறை. 1868இல் ஆங்கிலேயப் படை அபிசீனியா நாட்டில் போர் செய்தது. இன்று அது எத்தியோப்பியா. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்கள்தான் அதிகம். இந்தக் குழாய்களையும் கொண்டு போனார்கள். அதனால் இதற்கு ‘அபிசீனியக் கிணறு’ என்று பெயர் வந்தது.

காவிரிக் கரையிலும் மணலில் குழாய் இறக்குகிறார்கள். ‘பில்டர் பாயிண்ட்’ என்பார்கள். மணல்தான் முக்கியம். மணலில் குழாய் இறங்கும், தண்ணீரும் ஊறி வரும். நம் ஊரில் வெட்டுக்கல். அதில் அடித்தால் நுனி மழுங்கும், குழாய் வளையும். பணம் போகும். நெய்யாற்றங்கரை மணலிலும், பூவாறு கடற்கரை மணலிலும் இது வேறு கதை.

இன்னொன்று. இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுகிறோம் அல்லவா? அடிபம்பும் அப்படித்தான். காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே தண்ணீர் நின்றால், எவ்வளவு பலமாக அடித்தாலும் ஏறாது. ஆள் மாற்றி அடித்தும் பயன் இல்லை!

கடற்கரைக்காரர்களுக்கும் ஒரு ஆபத்து உண்டு. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், கீழே உப்பு மெல்ல மெல்ல 40 அடி ஏறிவிடும். மோட்டார் வைத்து இரவும் பகலும் இறைத்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீரும் கரிக்கும்.

கக்கூஸ் குழிக்கும் குழாய்க்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட வேண்டும். தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி இருக்கலாம். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

அடிக்க ஆள் வந்தால் அவசரப்பட வேண்டாம். மேட மாதத்தில், இடவப்பாதி மழைக்கு முன், பக்கத்துக் கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குங்கள். தண்ணீர் தொடும் வரை எத்தனை அடி என்று அளந்து எழுதி வையுங்கள். வருகிற ஆளிடம் அந்தத் தாளைக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.