படைக்குச் சோறு கொணர்ந்தோர்



1792-இல் காரன்வாலிஸ் பிரபு திப்பு சுல்தானை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார் என்று சரித்திரப் புத்தகம் ஒரே வரியில் கூறும். நானும் வகுப்பறையில் பல்லாண்டுகள் அவ்வாறே சொல்லிக்கொடுத்தேன். அதற்கு முந்திய ஆண்டில் நடந்ததை விளக்காமல் விட்டது என் குறையே.

1791 மே மாதம் 15-ஆம் நாள், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே அரிக்கெரேயில் காரன்வாலிஸ் வெற்றி பெற்றார். ஆயினும் கோட்டையை முற்றுகையிட அவரால் இயலவில்லை. திப்புவின் குதிரைவீரர் சுற்றுப்புறத்துத் தானியத்தையும் தீவனத்தையும் முன்னரே அழித்திருந்தனர். படைவீரர் பசியால் வாடினர். வண்டி மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இழுக்க மாடில்லாமையால் பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே தகர்த்துவிட்டு, வென்ற படை பெங்களூர் நோக்கித் திரும்பியது. வழியில் மராட்டியர் படை எதிர்ப்பட்டது. அதன் பின்னே ஒரு கடைத்தெருவே நடந்து வந்தது! விலை கடுமைதான், எனினும் பசித்தவர் உண்டனர்.

மறு ஆண்டுப் படையெடுப்பில், ஆயிரக்கணக்கான பொதியெருதுகளுடன் பஞ்சாரா வணிகர் கம்பெனிப் படைக்குத் தானியம் கொணர்ந்தனர். இவர்களையே நாம் லம்பாடியர் என்கிறோம். இம்முறை முற்றுகை நிலைத்தது. மார்ச் மாதத்தில் உடன்படிக்கையும் ஏற்பட்டது. சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனியின் வசமானது அதனால்தான்.

இவ்வணிகர் புதியவர் அல்லர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவர்னியே, பதினாயிரம் எருதுகளுக்கு மேற்பட்ட அவர்களுடைய பொதிக்கூட்டங்களை வருணித்திருக்கிறார். மொகலாயர் படைகளுக்கும் அவர்கள் தானியம் விற்றனர். அவர்கள் படைச் சம்பளம் பெறும் சேவகர் அல்லர். மலிந்த இடத்தில் வாங்கிப் பாசறையில் விற்றவர். அறத்துக்காக அன்று, ஆதாயத்துக்காகவே சென்றனர். ஆயினும் பகைவர் இருவருக்கும் அவர்கள் வேண்டியிருந்தமையால், இரு சாராரும் பெரும்பாலும் அவர்களைத் துன்புறுத்தவில்லை.

பின்னர்ப் போர்கள் ஓய்ந்தன, இருப்புப்பாதை வந்தது, பொதியெருதுக்கு வேலையில்லை. பிழைப்பிழந்து அலைந்தவர்களை அரசு ஐயத்துடன் நோக்கியது. 1871-இல் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வலையில் பஞ்சாராக்களில் சில பிரிவினரும் சிக்கினர். எந்த அரசின் படை அவர்களுடைய தானியத்தை உண்டதோ, அந்த அரசே அவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்றது! சுதந்திர பாரதம் 1952-இல் அச்சட்டத்தை நீக்கியது. சட்டம் மறைந்தது, இகழ்ச்சி அத்துணை விரைவில் மறைவதில்லை.

நண்பர்களே, இனி ஒரு போரைப் பற்றிப் படிக்கையில், வென்றவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அவருக்குச் சோறு கொணர்ந்தவர் யார், பின்னர் அவர் என்ன ஆனார் என்றும் கேளுங்கள்.