'சூப்பர்' என்ற ஒரு சொல் போதுமா?

நடுவர் அவர்களே! புதிதாகப் படம் எடுப்பவரிடம் குறை சொன்னால் கேமராவையே மூடி வைத்துவிடுவார் என்றார் எதிரணி நண்பர். 'சூப்பர்' என்று தட்டிக்கொடுத்தால் மட்டும் நாளைக்கு அவர் எதை மாற்றுவார்?

நீலாய்ப் பக்கத்துத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். எத்தனையோ தோட்டங்கள் இன்று வீடமைப்புகளாகிவிட்டன. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால் விடியலிலேயே மரம் வெட்டுவார்கள். அந்த அரை இருட்டில் தம்பி ஒருவர் பால்வெட்டும் அம்மாவைப் படம் எடுக்கிறார். வானம் பளிச்சென்று இருக்கிறது, முகம் கறுத்துக் கிடக்கிறது. "என்னய்யா படம் இது?" என்றால் அது ஏச்சு. "தம்பி, கேமரா வானத்து வெளிச்சத்தை அளந்துவிட்டது. முகத்தை வைத்து அளந்து எடு, வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். மரத்தில் சாய்ந்துகொள், கை ஆடாது" என்றால் அதுதான் விமர்சனம்.

இன்னொன்று. வண்ணப்படச் சோதனைக்குக் கோடாக் அனுப்பிய 'ஷர்லி' அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். பழைய ஆல்பத்தில் நம் முகம் மங்கினால் பழி முழுவதும் எடுத்தவர் மேலா?

படத்தை நீட்டுகிறவரும் "மழை, அவசரம்" என்று கதை சொல்ல வேண்டாம். "கண் முதலில் எங்கே போனது?" என்று கேளுங்கள், போதும். அந்த அம்மாவிடமும் காட்டுங்கள். கத்தி பிடித்த கை சரியாக விழுந்திருக்கிறதா என்று அவரைவிட யார் சொல்வார்?