தலைமைப் பயிற்றுநரும் துணைவரும்

கண்டி மாநகரின் பெயரையும் விளையாட்டையும் சேர்த்துச் சொன்னால், பெரும்பாலோர் நினைவுக்கு முதலில் வருவது றகர் ஆட்டமே. 1874ஆம் ஆண்டில் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகமும், அதன் நித்தவெல மைதானமும், 1945 முதல் திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு றோயல் கல்லூரிக்குமிடையே நடைபெற்றுவரும் பிராட்பி கேடயப் போட்டியும் அந்த ஆட்டத்துக்குத் தேடித் தந்த பெருமை அத்தகையது. உதைபந்தாட்டமோ அதன் நிழலில் வளர்ந்த பிள்ளை. போகம்பரை மைதானத்திலும், கட்டுகஸ்தோட்டையிலும், கம்பளையிலும், மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த பாடசாலை முற்றங்களிலும் அது தன் வேரை ஊன்றிக்கொண்டது. பணச்செலவு மிகுதியும் வேண்டாத ஆட்டமாதலால், தோட்டத்துப் பிள்ளையும் கடைத்தெருப் பிள்ளையும் ஒரே அணியில் நிற்கும் வாய்ப்பு அதில் உண்டு.

இத்தகைய ஓரிடத்தில், அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்றுநரைத் தெரிவு செய்வதற்கு ஒரு குழு அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசையின்மேல் விண்ணப்பங்கள் இருக்கின்றன. கையில் இருக்கும் பணமோ சொற்பம். அதில் பெரும்பகுதியைத் தலைமைப் பயிற்றுநருக்கு ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு யாராவது ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று குழு எண்ணுவது வழக்கம். அந்த எண்ணத்திலேதான் தவறு தொடங்குகிறது. தலைவரையும் துணைவரையும் ஒன்றாகச் சீர்தூக்கிப் பார்க்காத தெரிவு, பாதித் தெரிவேயாகும்.

முதலில் சான்றிதழ்களைப் பார்ப்போம். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 'சீ', 'பீ', 'ஏ' எனப் படிப்படியாகவும், அவற்றுக்கு மேல் 'புரோ' என்றும் பயிற்றுநர்களுக்குத் தகுதிப் பத்திரங்கள் வழங்குகின்றது. இவற்றைப் பெற்றவர் கற்றவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், பட்டம் பெற்ற அனைவரும் வகுப்பறையில் பிள்ளைகளின் மனத்தைப் பிடித்துவிடுவதில்லை என்பதைப் பாடசாலையை அறிந்த எவரும் அறிவர். சான்றிதழ் வாயிற்படி, அதைத் தாண்டி உள்ளே வந்தவரைத்தான் இனிச் சோதிக்க வேண்டும். திருக்குறளில் ஆளைத் தெரிந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தவரை வினையில் அமர்த்துவதற்கு அதனையடுத்து வேறோர் அதிகாரமும் வைக்கப்பட்டிருப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

அடுத்து வெற்றிகளின் பட்டியல். இதைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். 2022ஆம் ஆண்டில் இலங்கைத் தேசிய அணியின் பொறுப்பை ஏற்ற ஸ்கொட்லாந்தியர் அண்டி மொறிசன், அதற்கு முன் வேல்ஸ் நாட்டின் கழகமொன்றை 2020இலும் 2021இலும் தொடர்ந்து முதலிடத்துக்குக் கொண்டு வந்தவர். ஆயினும், அவர் இங்கே வந்த அடுத்த ஆண்டின் ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது; ஆகஸ்டில்தான் அந்தத் தடை நீங்கியது. ஆட்டமே நடவாத மாதங்களை வைத்துக்கொண்டு ஒரு பயிற்றுநரை எவ்வாறு மதிப்பிடுவது? அவருக்குப்பின் 2024இல் வந்த குவைத்து நாட்டவர் அப்துல்லா அல்முத்தைரி, 2021இல் நேபாளத்தைத் தெற்காசியச் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டம்வரை கொண்டுசென்றவர். அவருடைய காலத்தில், 2024 செப்டெம்பரில், கம்போடியாவை அதன் சொந்த மண்ணில் தண்டனை உதைகளால் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் இறுதிச் சுற்றுக்குள் இலங்கை நுழைந்தது. அதே அணியில் வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வழி வீரர்கள் பலர் இடம்பெற்றிருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. வெற்றியில் பயிற்றுநரின் பங்கு எவ்வளவு, கையில் கிடைத்த வீரர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முயல்வதே தெரிவுக் குழுவின் கடமை. முயன்றாலும் அது முற்றாகப் பிரிந்து வந்துவிடாது என்பது வேறு விடயம்.

தோல்வியையும் அவ்வாறே படிக்க வேண்டும். இதற்கு ஐதராபாத்துச் சையத் அப்துல் றஹீமைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1909இல் பிறந்த அவர் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் கலைப் பட்டதாரி, பள்ளிக்கூட ஆசிரியர். 1950 முதல் இந்திய அணியைப் பயிற்றினார். 1951இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை வென்று தங்கம் பெற்றார். 1952இன் தொடக்கத்தில் கொழும்பில் நடைபெற்ற நாற்கோணப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அதே ஆண்டில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியா தோற்றது. பத்துக் கோல்! அந்த ஓர் எண்ணைக் கண்டு எந்தக் குழுவும் மனந்தளர்ந்திருக்கலாம். அன்று அவரை விலக்கியிருந்தால், 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் கிடைத்த நான்காம் இடமும், 1962இல் ஜகார்த்தாவில் கிடைத்த தங்கமும் அவர் கையால் வந்திரா.

றஹீமின் சிறப்பு அவர் வகுத்த ஆட்டத் திட்டத்தில் மட்டும் இருந்ததன்று. ஐதராபாத்து இளைஞருக்கு அவர் விசித்திரமான போட்டிகளை நடத்தினார். ஒன்றில், பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம். மற்றொன்றில், பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி ஓடக்கூடாது; உடனே தோழனுக்கு அனுப்ப வேண்டும். இது ஆசிரியரின் வழி. பிள்ளையின் குறை எது என்று கண்டு, அந்தக் குறை வெளிப்படும்படியான பயிற்சியைக் கொடுத்துவிட்டால், திட்ட வேண்டிய தேவையே இராது. ஜகார்த்தாவிலும் அந்தக் கண்ணே வேலை செய்தது. பின்வரிசைக் காவலரான ஜர்னைல் சிங் தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் காயம்பட்டார். காயத்துக்குத் தையலிட்டிருந்த அவரை றஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியில் ஒரு கோல், தென்கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மற்றொரு கோல் என அவர் அடித்துக் கொடுத்தார். 1963 யூனில் றஹீம் காலமானார். அவரிடம் ஆடிய பி. கே. பானர்ஜி பின்னாளில் புகழ்பெற்ற பயிற்றுநராக விளங்கினார். ஒரு பயிற்றுநரை மதிப்பிடுவோர், அவரிடம் பயின்றவர்களில் எத்தனை பேர் பயிற்றுநர்களாயினர் என்று கேட்பது நலம். விண்ணப்பப் படிவத்தில் இதற்கு இடமே இருப்பதில்லை.

இனித் துணைவரைப் பற்றி. இங்கிலாந்தில் பிறையன் கிளவ், பீற்றர் ரெயிலர் என்னும் இருவர் 1965இல் ஒரு சிறிய கழகத்தில் சேர்ந்து பணி தொடங்கினர். கிளவ் தலைவர், ரெயிலர் துணைவர். வீரர்களைத் தேடிக் கண்டெடுப்பதில் ரெயிலருக்கு இணையில்லை என்பர். 1972இல் டார்பி கழகத்தை இருவரும் இங்கிலாந்தின் முதலிடத்துக்கு உயர்த்தினர். 1974இல் கிளவ் தனியாக லீட்ஸ் கழகத்துக்குப் போனார். ரெயிலர் பிறைற்றனிலேயே தங்கிவிட்டார். லீட்ஸ் அந்தக் காலத்தில் நாட்டின் வாகை சூடிய அணி. இருந்தும் கிளவ் அங்கே நிலைத்தது 44 நாட்கள் மாத்திரமே. பின்னர் நொட்டிங்ஹாமில் இருவரும் மீண்டும் சேர்ந்தனர். 1978இல் தேசிய வாகையும், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணமும் வந்தன. லீட்ஸில் அவர் சறுக்கியதற்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆயினும், ஒரு தலைவரின் புகழில் துணைவரின் பங்கு எவ்வளவு என்பதை அந்த 44 நாட்கள் காட்டின. ஆகவே, "முன்பு உம்மோடு பணியாற்றியவர் யார்? அவர் இப்போது எங்கே?" என்பது நேர்முகப் பரீட்சையில் கேட்டேயாக வேண்டிய வினா.

கோல்காப்பாளரின் பயிற்சிக்கும் தனியாக ஒருவர் வேண்டும். பத்துப் பேர் ஒரு பக்கம் பயில, கோல்காப்பாளன் மட்டும் கம்பங்களுக்கிடையே தனித்து நின்று வலைக்குப் பின்னால் போன பந்தைப் பொறுக்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ மைதானங்களில் காணலாம். ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் கோலைக் காத்த பீற்றர் தங்கராஜ், இராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவு நிலையத்தில் முதலில் முன்வரிசை வீரராகவே ஆடியவர். கோலைக் காப்பதற்கு உரியவர் அவர் என்று பின்னரே தெளிந்தது. அத்தகைய கண் தலைமைப் பயிற்றுநருக்கே இருந்தாக வேண்டுமென்பதில்லை. குழுவில் யாருக்கேனும் இருந்தால் போதும்.

கண்டியில் இவற்றோடு வேறொன்றும் சேர்கிறது. ஓர் அணியில் சிங்களம் பேசும் பிள்ளைகளும், தமிழ் பேசும் தோட்டத்துப் பிள்ளைகளும், முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பர். இடைவேளையின் சில நிமிடங்களில் தலைவர் ஒரு மொழியில் சொல்வதை மற்ற மொழியில் மாற்றிச் சொல்ல நேரமிராது. பாதி அணி தலையை மட்டும் ஆட்டும். தலைவருக்கு ஒரு மொழியே தெரியுமானால், துணைவருக்கு மற்றதும் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சலுகை என்று கருதக்கூடாது. விசிலும் பந்தும் போல இதுவும் ஒரு கருவியே. அன்றியும், பணம் மிகுந்த இடத்திலிருந்து அழைப்பு வந்தால் தலைவர் கொழும்புக்குப் போய்விடுவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் மாலையில் மைதானத்துக்கு வந்து நிற்கப்போகிறவர் துணைவர்தாம். அவருக்கும் முறையான ஒப்பந்தமும், 'சீ' தரத்திலிருந்து 'பீ' தரத்துக்குச் செல்லும் பயிற்சிச் செலவும் தலைவரின் நியமனக் கடிதத்தோடு ஒரே நாளில் கொடுக்கப்பட வேண்டும்.

கடைசியாக, விண்ணப்பதாரியை அறைக்குள் வைத்து மட்டும் பார்த்து முடிவு செய்வது தகாது. அவரையும் அவர் அழைத்துவரும் துணைவரையும் ஒரு மாலை மைதானத்தில் இறக்கிவிட வேண்டும். அது ஐப்பசி, கார்த்திகை மாத மழைநாளாக இருந்தால் மேலும் நன்று. அரைப்பங்கு நிலம் சேறாய்க் கிடக்கும்போது, போட்டுவைத்த திட்டத்தை மாற்றுகிறாரா, பிள்ளைகளைச் சேற்றில் வைத்துக்கொண்டு விரிவுரை ஆற்றுகிறாரா என்று குழுவினர் ஓரமாக நின்று கவனிக்கலாம். பயிற்சி முடிந்தபின்னும் அவர்கள் உடனே கலையாமலிருப்பது நல்லது. பந்துகளை எண்ணிப் பையில் போடுகிறவர் யார் என்றும், தெல்தோட்டைக்கும் கலஹாவுக்கும் போக வேண்டிய பிள்ளைகளிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர் யார் என்றும் அப்போதுதான் தெரியவரும்.