பாரலாச்சா கணவாய் வரை



பயண இலக்கியம் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டபோது, பிறர் எழுதிய நூல்களை அடுக்கி வைத்து ஆராய்வதே வகுப்பறைப் பழக்கம் உள்ள எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நானே ஒரு பயணம் போய், அதை முடிக்காமல் திரும்பி வந்தவன். முடித்தவர்கள் எழுதிய நூல்கள் நிறைய உண்டு. முடிக்காதவன் கதையையும் ஒருமுறை கேளுங்கள்.

இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் உள்ள மணாலியிலிருந்து லடாக்கின் லே நகர் வரை ஏறக்குறைய 475 கிலோமீற்றர் நீளமான மலைவீதி ஒன்று உண்டு. பனிக்காலம் முழுவதும் மூடிக் கிடந்து, கோடையில் திறக்கும் வீதி அது. அதனை மோட்டார் சைக்கிளில் தனியே கடப்பதென்று புறப்பட்டேன். நாற்பதைத் தாண்டிய தமிழாசிரியனுக்கு இது என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

என் ஐயாவுக்குக் கைலாயம் போகவேண்டுமென்று தீராத ஆசை இருந்தது. போர்க்காலம் அதற்கு இடம் தரவில்லை. பின்னர் உடம்பு இடம் தரவில்லை. அவர் போன பின் அவருடைய விபூதிப் பை என்னிடம் தங்கிவிட்டது. கைலாயத்துக்குச் செல்ல எனக்கும் வசதி இல்லை. ஆனால் கைலாய மலைப்பக்கத்தில் ஊற்றெடுக்கும் சிந்துநதி லே நகருக்கு அருகே ஓடுகிறது. அந்த நீரில் ஐயாவின் விபூதியில் ஒரு சிட்டிகை சேர்த்துவிட்டு வரலாம் என்பதே என் எண்ணம்.

"இஞ்சாருங்கோ, தலையிடி வந்தால் உடனே இறங்கிவிட வேணும். பிள்ளையாருக்கு முன்னாலை சத்தியம் பண்ணுங்கோ" என்றாள் மனைவி. பண்ணினேன்.

மணாலியில் வாடகைக்குக் கிடைத்தது ஒரு பழைய 350 புல்லட். 1950களின் நடுவில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை கொண்டு உருவாகத் தொடங்கிய வண்டியினம் அது. திருவொற்றியூர் என்றதும் சமயபாடம் படித்தவர்களுக்குச் சுந்தரர் நினைவு வரும். உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து, பின் திருவாரூர் விழா நினைவு மேலிட எல்லை தாண்டியபோது இரு கண்களையும் இழந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சத்தியத்தை மீறிப் பயணம் போவதற்குரிய தண்டனை அந்த ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. வண்டியில் ஏறும்போது இது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

முதலிற் கடக்க வேண்டியது ரோதாங் கணவாய், 3,978 மீற்றர். நமது பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிணக்குவியல் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். (2020 ஒக்டோபரில் ஒன்பது கிலோமீற்றர் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின் அக்கணவாயில் ஏறாமலே போகலாம்.) கணவாயின் தென்புறம் தேவதாரு மரங்களும் மழையும் சேறும். வடபுறம் இறங்கினால் மழைமேகம் மலையைத் தாண்ட முடியாமல் நின்றுவிட, பச்சை படிப்படியாகக் குறைந்து, கடைசியில் வெறுங்கல்லும் நீலவானமுமே மிஞ்சுகின்றன. மலையென்றால் குறிஞ்சி, மரமும் நீரும் அற்றால் பாலை என்று இருபது ஆண்டுகளாகப் படிப்பித்து வந்தவன் நான். குளிரால் ஆன பாலையை எந்தத் திணையில் வைப்பது?

தாண்டி என்னும் இடத்தில் சந்திரா, பாகா என்னும் இரு நதிகள் கூடுகின்றன. சந்திரன் மகளும் சூரியன் மகனும் ஒருவரையொருவர் விரும்பி, பாரலாச்சா உச்சியிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் ஓடி, மலையைச் சுற்றி வந்து இங்கே சேர்ந்தார்கள் என்பது அவ்வூர்க் கதை. அங்கே ஒரு பெற்றோல் நிலையம். அடுத்த நிலையம் 365 கிலோமீற்றரில் என்று பலகை போட்டிருந்தது. இரண்டு கலன்களில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு கேலாங்கில் இரவு தங்கினேன்.

மறுநாள் விடியவே புறப்பட்டேன். வெயில் ஏறப் பனி உருகி, வீதியைக் குறுக்கறுக்கும் ஓடைகள் பெருகும் என்பதால் அங்கே எல்லோரும் காலையிலேயே ஓடைகளைத் தாண்டிவிடுவார்கள். சிங் சிங் பாரில் கூடாரக் கடை வைத்திருந்த பெண்மணி இஞ்சித் தேநீர் தந்துவிட்டு, "தனியாகவா, பையா?" என்று இந்தியில் கேட்டாள். அப்போதே தலைக்குள் ஒரு மெல்லிய இடி தொடங்கியிருந்தது. தேநீரால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாரலாச்சாவுக்குச் சற்றுக் கீழே, சூரஜ்தால் ஏரிக்கரையில் வண்டி கறுப்புப் புகை கக்கி நின்றுவிட்டது. காரணம் எனக்கு விளங்கியது. அந்த உயரத்தில் கடல்மட்டத்துப் பிராணவாயுவில் அரைவாசிக்குச் சற்றுக் கூடவே கிடைக்கிறது. காபரேற்றர் பழைய அளவிலேயே பெற்றோலை ஊற்ற, அது முழுதாக எரியாமல் பிளக்கில் கரி படிகிறது.

கரி படிந்த பிளக் எனக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், ஐயா தமது ஹொண்டா சீ 90ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினார். சிறிய போத்தலிலிருந்து பெற்றோல் சில துளி விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வீதியெல்லாம் புகை. இரண்டு நாளுக்கொருமுறை பிளக்கைக் கழற்றிப் பழைய பற்தூரிகையால் தேய்ப்பது சிறுவனாக இருந்த என் வேலை. "பிளக்கின்ரை நிறத்தைப் பார். வண்டிக்கு என்ன வருத்தமெண்டு அது சொல்லும்" என்பார்.

ஏரிக்கரையில் குந்தியிருந்து பிளக்கைத் துடைத்தேன். காற்றுத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். ஊசியை ஒரு படி இறக்கினேன். மூன்றாம் உதையில் புல்லட் எழும்பி, மணாலியில் நின்றதைப் போலவே நிதானமாக அடித்தது. ஐயா பக்கத்தில் நின்றிருந்தால் சிரித்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. அடுத்த கணம் வாந்தியும் வந்தது.

உச்சி வரை போனேன். பௌத்தர்களின் வண்ணக் கொடிகள் காற்றில் படபடத்தன. 4,800 மீற்றருக்கு மேல். அப்பால் இறங்கினால் சார்ச்சு; இரவு தங்கக் கூடாரங்கள் உண்டு. ஆனால் சார்ச்சுவும் நாலாயிரம் மீற்றருக்கு மேற்பட்டது. அதன் இருபுறமும் அதைவிட உயர்ந்த கணவாய்கள். இரவில் நோய் முற்றினால் இறங்கித் தப்ப வழி கிடையாது. வண்டியின் வருத்தத்துக்கு ஒரு திருகு போதுமாயிருந்தது. என் வருத்தத்துக்கு மருந்து இறங்குவது ஒன்றுதான்.

அரைமணி நேரம் அங்கே நின்றிருப்பேன். சத்தியம் நினைவில்லாமல் இல்லை. ஆயினும் ஐயாவின் பை சட்டைப்பையில் இருந்தது. வண்டியும் நன்றாக ஓடியது. விட்டுத் திரும்பக் கால் வரவில்லை. அப்போது அப்பரடிகளை நினைத்தேன். கால் தேய நடந்து, கை தேயத் தவழ்ந்து, மார்பால் உந்திப் போனவரையே கைலாயம் வேண்டாம், திரும்பிப் போ என்று சொல்லித்தானே இறைவன் அனுப்பினான்? பொய்கையில் மூழ்கி அவர் எழுந்த இடம் திருவையாறு. கண்டதும் அங்கேதான்.

வண்டியைத் திருப்பினேன்.

கேலாங்கில் இரண்டு நாள் படுத்துக் கிடந்த பின் தலை தெளிந்தது. மூன்றாம் நாள் தாண்டிக்கு இறங்கி வந்து, இரு நதிகளும் கூடுமிடத்தில் கல்லொன்றின் மேல் அமர்ந்தேன். சந்திராவும் பாகாவும் கூடிச் செனாப் ஆகி, ஐந்து நதிகளின் நீரோடு கடைசியில் சிந்துவிலேயே போய் விழுகின்றன. பூமிசாத்திர ஆசிரியர் ஒருவர் உடன் இருந்திருந்தால் இதை முதலிலேயே சொல்லியிருப்பார். பையைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நீரில் விட்டேன். சாம்பல் நிறமாக ஓடிய அந்த நீரில் அது விழுந்ததே தெரியவில்லை.

மணாலிக்கு வந்துதான் வீட்டுக்குப் பேச முடிந்தது. லே போகவில்லை, பாதியிலே இறங்கிவிட்டேன் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"சாப்பிட்டீங்களே?" என்றாள்.